மேலதிகாரியோட அடல்ட்டா கதைச்சா திமிர் எண்டு எடுக்கிறாங்களே, என்ன செய்யிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் எல்லாருக்கும். போன வீடியோவில ட்ரான்சக்‌ஷனல் அனலிசிஸ் (சுருக்கமா டீஏ), அதாவது ஆக்கள் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிற விதத்தை ஆராயிற முறை, அதைப் பத்தி கதைச்சதுக்குப் பிறகு நிறைய கேள்வி வந்திருக்கு, எல்லாத்தையும் ஒரே நாளில எடுக்க ஏலாது, இண்டைக்கு ஒரே ஒரு கேள்விய எடுத்து ஆறுதலா கதைப்பம் ஏனெண்டா இது கன பேருக்கு இருக்கிற பிரச்சினை. திருகோணமலை உப்புவெளில ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன்ல வேலை செய்யிற தங்கச்சி ஒராள் கேட்டிருக்கிறா. அவட மனேஜர் பின்னேரம் பின்னேரம் வந்து "இன்னும் ரிப்போட் அனுப்பேல்லையா, எத்தின தரம் சொல்லுறது" எண்டு கத்துவாராம், இவ "எல்லாத்தையும் நான் ஒராளா எப்பிடி சேர் பாக்கிறது" எண்டு சொல்லுவாவாம், பிறகு அரை மணித்தியாலம் அதே சண்டை. வீடியோவப் பாத்திட்டு ஒருநாள் அடல்ட் நிலையில, அதாவது நிதானமா விஷயத்தை மட்டும் பாக்கிற நிலையில இருந்து கதைச்சுப் பாப்பம் எண்டு "சேர், கத்தாம அமைதியா கதையுங்க, நாங்க ரெண்டு பேரும் வளந்த ஆக்கள்தானே" எண்டு சொல்லியிருக்கிறா. அவர் "நீ எனக்குப் படிப்பிக்கிறியா" எண்டு இன்னும் கோவப்பட்டிட்டாராம். அப்ப இவட கேள்வி, எங்கட ஊர்ல மேலதிகாரியோட அடல்ட்டா கதைச்சா திமிர் எண்டுதானே எடுப்பாங்க, இது வெள்ளைக்காரருக்கு மட்டும் சரிவாற விஷயமா? அதோட வீட்டில அம்மாவோடயும் இப்பிடித்தான் முட்டுதாம்.

போன வீடியோ பாக்காத ஆக்களுக்காக கொஞ்சம் சொல்லிட்டு வாறன். இதை உருவாக்கினவர் எரிக் பேர்ன், 1910ல கனடாவில மொன்றியல்ல பிறந்த மனநல வைத்தியர், பிறகு அமெரிக்காவில கலிபோர்னியாவில வேலை செஞ்சவர், 1950கள்ள இதை எழுதத் தொடங்கி 1970ல இறக்கும் வரைக்கும் வளத்துக்கொண்டு வந்தவர். அவர் சொன்னது, ஒவ்வொரு மனிசனுக்குள்ளயும் மூண்டு நிலை இருக்கு. எங்கள வளத்த ஆக்களிட்ட இருந்து அப்பிடியே உள்ளுக்கு எடுத்துக்கொண்ட பேச்சும் நடப்பும் பேரன்ட், அதில அதட்டுறதும் இருக்கு அரவணைக்கிறதும் இருக்கு. சின்ன வயசில நாங்க உணந்த மாதிரியே இப்பவும் உணர்ந்து நடக்கிறது சைல்ட், அதில விளையாட்டும் இருக்கு, பயந்து பணியிறதும் இருக்கு, முறுக்கிக்கொண்டு நிக்கிறதும் இருக்கு. இப்ப, இந்த இடத்தில என்ன நடக்குது எண்டு பாத்து அதுக்குப் பதில் சொல்லுறது அடல்ட். வயசுக்கும் பதவிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, எட்டு வயசுப் பிள்ளைக்கும் அடல்ட் இருக்கு, அறுபது வயசு டிரெக்டருக்கும் சைல்ட் இருக்கு.

இப்ப தங்கச்சிட சண்டைக்கு வருவம். அவர் பேரன்ட்டில இருந்து இவட சைல்ட்டப் பாத்துக் கதைக்கிறார், இவ சைல்ட்டில இருந்து அவரிட பேரன்ட்டுக்குப் பதில் சொல்லுறா. ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில வரைஞ்சு, ஒவ்வொருத்தருக்கும் மேல பேரன்ட், நடுவில அடல்ட், கீழ சைல்ட் எண்டு போட்டு, ஆர் எந்த நிலையில இருந்து எந்த நிலையோட கதைக்கிறார் எண்டு கோடு கீறினா, ரெண்டு கோடும் சமாந்தரமா போகுது. பேர்ன் சொன்ன முதல் விதி என்னெண்டா, கோடு சமாந்தரமா போகும் வரைக்கும் கதை நிக்காம போய்க்கொண்டே இருக்கும். அதாவது சந்தோசமான கதை மட்டும்தான் இப்பிடி நீளும் எண்டு இல்ல, சண்டையும் இந்த விதிப்படிதான் நீளுது! அவர் அதட்ட அதட்ட இவ முறுக்குறா, இவ முறுக்க முறுக்க அவருக்கு அதட்ட இன்னும் காரணம் கிடைக்குது, அதாலதான் ஒவ்வொரு நாளும் அதே வசனம் அதே அரை மணித்தியாலம். நிறைய ஒபிஸ்ல நான் பாத்தது இதுதான், ரெண்டு பேரும் "எங்களுக்குள்ள கொம்யூனிகேஷன் இல்ல" எண்டு சொல்லுவாங்க, ஆனா அவங்களுக்குள்ள ஒரே பாதையில கதை ஓடிக்கொண்டுதான் இருக்கு, பாதைதான் பிழை.

ரெண்டாவது விதி, கோட்டைக் குறுக்கால வெட்டினா கதை உடையும். அவர் உங்கட சைல்ட்டக் கூப்பிடுறார், நீங்க அடல்ட்டில இருந்து வந்தா அந்தப் பழைய கதை அங்க நிண்டிடும். பாடம் படிக்கிற ஆக்கள் கன பேர் குறுக்குவெட்டு எண்டாலே கெட்டது எண்டு எழுதிக்கொண்டு போறாங்க, அது சரியில்ல, இந்தச் சண்டைய உடைக்கத்தானே எங்களுக்கு வேணும்.

சரி அப்ப இவ அதைத்தானே செஞ்சவ, ஏன் சரிவரேல்ல? தங்கச்சி, நீங்க சொன்ன வசனத்தை ஒருக்கா திருப்பிப் பாருங்க. "கத்தாம அமைதியா கதையுங்க, நாங்க வளந்த ஆக்கள்தானே." குரல் அமைதியா இருந்திருக்கும், ஆனா அது அடல்ட் இல்லம்மா, பேரன்ட். ஒராள் எப்பிடி நடக்கோணும் எண்டு சொல்லிக்குடுக்கிற வசனம் அது, சின்னப் பிள்ளையள் கத்தினா டீச்சர் சொல்லுறது. மனேஜர் "படிப்பிக்கிறியா" எண்டு கேட்டது கோவத்தில எண்டாலும் அவர் கேட்ட அர்த்தம் சரி. டீஏ படிச்ச புதுசில எல்லாரும் இங்கதான் வழுக்கிறது, "நீங்க இப்ப சைல்ட் நிலையில நிக்கிறீங்க" எண்டு மனுசிக்கும் மனுசனுக்கும் சொல்லிப் பாப்பாங்க, அதைச் சொல்லுற நேரமே சொல்லுறவர் பேரன்ட்டில ஏறி இருக்கிறார். இந்தப் பேர்களை மற்ற ஆளில ஒட்டவே வேணாம், உங்களப் பாக்கத்தான் இது.

அடல்ட் வசனத்துக்குள்ள விஷயம் இருக்கும், மற்ற ஆளிட குணம் இருக்காது. உதாரணத்துக்கு, "சேர், 18 ரூம்ல 14 முடிஞ்சுது, மிச்ச 4 பேரிட பாஸ்போட் விபரம் இன்னும் வரேல்ல, ஆறு மணிக்குள்ள அனுப்புறன். அதுக்கு முதல் வேணுமெண்டா இந்த 14ஐயும் இப்பவே அனுப்பட்டா?" அவ்வளவுதான். இதில திமிர் எங்க இருக்கு? "சேர்" இருக்கு, குரல்ல பணிவு இருக்கு, நிக்கிற விதத்தில மரியாதை இருக்கு. மரியாதை குடுக்கிறது ஒண்டு, சைல்ட்டா மாறி நடுங்கிறதோ முறுக்கிறதோ வேற ஒண்டு, நாங்க சின்னனில இருந்து ரெண்டையும் ஒண்டாவே பழகிட்டம் அதாலதான் ஒண்ட விட்டா மற்றதும் போயிடும் எண்டு பயம். எங்கட தாத்தாமார் காலத்தில தோணி ஓட்டின ஆக்கள் சம்மாட்டியோட, அதாவது தோணிச் சொந்தக்காரரோட, "ஐயா, இண்டைக்குக் காத்து சரியில்ல, இறக்க ஏலாது" எண்டு கை கட்டிக்கொண்டே சொல்லுவாங்க, அது சுத்தமான அடல்ட், அதில மரியாதைக் குறைவு எண்டு ஒருத்தரும் சொன்னதில்ல. அப்ப இது வெள்ளைக்காரருக்கு மட்டுமான விஷயம் இல்ல.

ஒண்டு கவனிங்க, நீங்க இப்பிடிச் சொன்னவுடன ஒரு சின்ன மௌனம் வரும். அவர் எதிர்பாத்த பதில் வரேல்ல, அடுத்து என்ன சொல்லுறது எண்டு அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில பதறி "சொறி சேர், நான் வேணுமெண்டு செய்யேல்ல சேர்" எண்டு இறங்கினா பழைய பாதை திரும்பத் திறந்திடும். சும்மா நில்லுங்க. அவர் இன்னொரு தரம் அதட்டலாம், அதுக்கும் அதே விஷயத்தையே சொல்லுங்க. முதல் நாளே மாறும் எண்டு நான் சொல்லமாட்டன், இவ்வளவு காலமா ஓடின கதை.

மூண்டாவது விதியும் இருக்கு, அது மேல ஒரு கதை கீழ ஒரு கதை ஓடுறது. "ரிப்போட் எத்தின மணிக்கு வரும்?" எண்டு எழுதினா எழுத்து அடல்ட், அதையே கண்ண உருட்டிக்கொண்டு கேட்டா பேரன்ட். கடைசில என்ன நடக்கும் எண்டதை முடிவெடுக்கிறது அந்தக் கீழ ஓடுற கதைதான் எண்டு பேர்ன் சொல்லுறார். வட்ஸ்அப்ல இது இன்னும் மோசம், குரல் இல்ல, வாசிக்கிறவர் தன்ட பயத்தையே குரலாப் போட்டு வாசிப்பார். திருகோணமலைல இன்னொண்டும் இருக்கு, ஒரே கந்தோருக்குள்ள தமிழ் ஆக்கள் முஸ்லிம் ஆக்கள் சிங்கள ஆக்கள் எல்லாரும் வேலை செய்யிறம், ரெண்டாம் மொழியில கதைக்கிற ஒராளுக்கு "வா, குடு, கெதியா செய்" எண்ட மாதிரி கட்டளை வசனம்தான் முதல்ல வாய்க்கு வரும், பணிவான வசனம் பிந்தித்தான் பழகும். அவர் எங்கள அதட்டுறார் எண்டு எடுக்க முதல் அவருக்கு அந்த மொழி எவ்வளவு தெரியும் எண்டு யோசிங்க, நாங்க சிங்களத்தில கதைக்கேக்க அவங்களுக்கும் இப்பிடித்தான் கேக்குமோ எண்டும் யோசிங்க.

நான் எந்த நிலையில இருக்கிறன் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு வேற ரெண்டு மூண்டு பேரும் கேட்டிருந்தாங்க. பேர்ன் சொன்ன வழிகள்ள எனக்குப் பிடிச்சது, மற்ற ஆக்கள் உங்களுக்கு எப்பிடிப் பதில் சொல்லுறாங்க எண்டு பாக்கிறது. உங்களோட கதைக்கிற எல்லாரும் சாட்டு சொல்லுறாங்க, ஒளிக்கிறாங்க எண்டா நீங்க அதட்டுற பேரன்ட்டில அடிக்கடி நிக்கிறீங்க போல. மேலதிகாரிமார் இதைப் பாத்தா நல்லம், உண்மையாச் சொல்லுறன்.

அம்மாட விஷயம். "இந்த நேரமா வாறது, ஊர் என்ன சொல்லும்" எண்டு அம்மா கேக்கிறா, நீங்க "பஸ் எட்டு மணிக்குத்தான் வந்தது" எண்டு அடல்ட்டா சொல்லுறீங்க, அம்மாவுக்கு இன்னும் கோவம். இங்க அடல்ட் மட்டும் காணாது. அம்மாட வசனம் மேல பேரன்ட், கீழ பயந்துபோன ஒரு சைல்ட் இருக்கு, நிலாவெளி ரோட்டில இருட்டுக்குள்ள பிள்ளை தனிய வருதே எண்ட பயம். அந்தப் பயத்துக்கு முதல்ல பதில் வேணும். "பயந்திட்டீங்களாம்மா, பஸ் பிந்தினா இனி ஏற முதல் கோல் எடுக்கிறன்" எண்டு சொல்லிப் பாருங்க, முதல் பாதி அரவணைக்கிற பேரன்ட், ரெண்டாம் பாதி அடல்ட். ஹோட்டல்ல சுடுதண்ணி வரேல்ல எண்டு கத்துற கெஸ்டுக்கும் இதே வரிசைதான், ஆளை ஆத்திட்டு விஷயம், மே மாசம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் சீசன் எண்டா உங்களுக்கு இது ஒரு நாளைக்கு எத்தின தரம் தேவைப்படும்.

கடைசியா ஒண்டு கட்டாயம் சொல்லோணும். இதெல்லாம் சத்தம் போடுற, ஆனா அடிப்படையில நேர்மையான மனேஜருக்கு. உங்கள அவமானப்படுத்துறது, சம்பளத்தப் பிடிக்கிறது, கையப் பிடிக்கிறது, கண்ட மெசேஜ் அனுப்புறது எண்டு இருந்தா அங்க நீங்க எந்த நிலையில கதைச்சனீங்க எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கவேணாம், பிழை உங்கட கதையில இல்ல. பாலியல் தொந்தரவு எங்கட நாட்டில தண்டனைச் சட்டக்கோவை 345ம் பிரிவுப்படி குற்றம், 1995ல கொண்டுவந்த திருத்தம் அது, பொலிசில முறைப்பாடு குடுக்கலாம், சம்பளப் பிரச்சினை எண்டா தொழில் திணைக்களம் இருக்கு. மெசேஜ் எல்லாத்தையும் அழிக்காம வச்சிருங்க, திகதியோட.

தங்கச்சி, அடுத்த தரம் சண்டை வந்தா அவர் சொன்னதை எழுதவேணாம், நீங்க சொன்ன வசனத்தை மட்டும் அப்பிடியே எழுதி அனுப்புங்க, அதை வச்சு திரும்பக் கதைப்பம். கின்னியாவில இருந்து ஒரு ஆசிரியர் ஸ்டாஃப் ரூம் பத்திக் கேட்டிருந்தார், "ஓம், ஆனா" எண்டு எல்லா யோசினையயும் தட்டிவிடுற ஆக்களப் பத்தி, அது பெரிய விஷயம், அடுத்த வீடியோவில எடுக்கிறன்.