முதல் செமஸ்டர்: இன்டர்னல் 40-ஐ எப்படிக் கையாளணும், எப்படிப் படிக்கணும்?

(திரை: இன்ஜினீயரிங் கெமிஸ்ட்ரி சிலபஸ் தாள். அஞ்சு யூனிட்டும் ஒவ்வொண்ணா ஒளிருது.)

குரல்: வணக்கம். இந்த வீடியோ, அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச கல்லூரிகள்ல முதல் வருஷம் சேர்ந்திருக்கிறவங்களுக்கு. குறிப்பா, பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்தவங்களுக்கு.

2021 ரெகுலேஷன்படி (ரெகுலேஷன்னா பல்கலைக்கழகத்தோட பாடத்திட்ட, தேர்வு விதிமுறை) கெமிஸ்ட்ரிக்கு மொத்தம் 45 பீரியட். யூனிட்டுக்கு 9. வாரத்துக்கு மூணு பீரியட்னா ஒரு யூனிட் மூணே வாரத்துல முடிஞ்சிடும். பள்ளிக்கூடத்துல இதே அளவு பாடத்தை நடத்தி, டெஸ்ட் வச்சு, மறுபடி நடத்துவாங்க. இங்க யாரும் திரும்பி வர மாட்டாங்க. முதல் யூனிட்ல பின்தங்கினா, அதைப் படிக்க உட்கார்ற நேரத்துல மூணாவது யூனிட் ஓடிட்டு இருக்கும்.

(திரை: 40 + 60)

இப்ப மார்க் கணக்கு. 2021 ரெகுலேஷன்படி தியரி பாடத்துக்கு, கல்லூரியிலேயே போடுற இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேர்வை 100 மார்க்குக்கு எழுதுவீங்க, அதை 60-க்குக் குறைச்சு எடுத்துக்குவாங்க. உங்க பேட்ச் வேற ரெகுலேஷன்ல வந்தா எண்கள் மாறலாம். டிபார்ட்மென்ட்ல ரெகுலேஷன் தாளைக் கேட்டு வாங்கி, இதே கணக்கை அதுல போட்டுப் பாருங்க.

பாஸ் ஆக ரெண்டு நிபந்தனை. பல்கலைக்கழகத் தேர்வுல 100-க்கு 45 எடுக்கணும், அதாவது 60-க்கு 27. ரெண்டையும் கூட்டினா 50 வரணும். அப்போ இன்டர்னல்ல 23 இருந்தா, தேர்வுல 45 எடுத்தாலே போதும். இன்டர்னல் 15 தான்னா, தேர்வுல 59 வேணும். இன்டர்னல் 10-க்கு இறங்கிட்டா, 67. நவம்பர், டிசம்பர்ல ராத்திரி முழுக்க முழிச்சுப் படிச்சும் அரியர் விழுதுன்னா, பல பேருக்குக் காரணம் முன்னாடியே இன்டர்னல்ல விட்ட மார்க்.

அந்த 40 எங்கிருந்து வருது? ரெண்டு அசெஸ்மென்ட். ஒவ்வொண்ணும் 100 மார்க்: எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார் மாதிரி வேலைக்கு 40. இந்த 100-ஐ 40-க்குக் குறைச்சுப் பார்த்தா, உங்க 40-ல 16 மார்க் அசைன்மென்ட்லயே இருக்கு. நேரமும் புத்தகமும் கையில இருக்கும்போது கிடைக்கிற மார்க் இது. இதைப் போய் பக்கத்து ரூம் நோட்டைப் பார்த்து எழுதிக் கெடுத்துக்காதீங்க.

(திரை: ஒரு வெற்றுத் தாள், பேனா. புத்தகம் மூடியிருக்கு.)

அடுத்து, படிக்கிற விதம். "படிச்சேன், எல்லாம் தெரிஞ்சது, ஹால்ல மறந்துடுச்சு." எல்லாக் கல்லூரியிலயும் கேக்கிற வார்த்தை. இதுக்கு ஞாபகசக்தியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குழு பாடத்தைத் திரும்பப் படிச்சது. இன்னொரு குழு பாடத்தை மூடிட்டு, ஞாபகம் வந்ததை எழுதுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா, திரும்பப் படிச்சவங்க முன்னாடி நின்னாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்போ, எழுதிப் பார்த்தவங்க முந்திட்டாங்க. திரும்பப் படிக்கும்போது வரி கண்ணுக்குப் பழகிடுது. பழகினதைத் தெரிஞ்சதுன்னு மனசு எடுத்துக்குது.

அதனால ஒவ்வொரு பாடத்துக்கும், வகுப்பு நடந்த அன்னிக்கு ராத்திரியே 15 நிமிஷம். உதாரணத்துக்கு, கெமிஸ்ட்ரியில பாய்லர்ல, அதாவது கொதிகலன்ல, தண்ணியால படியிற ஸ்லட்ஜ், ஸ்கேல். நோட்டை மூடுங்க. வெற்றுத் தாள்ல முதல்ல தமிழ்லயே எழுதுங்க: ஸ்லட்ஜ் ஒட்டாத சகதி, பாய்லர்ல சூடு கம்மியான இடத்துல சேரும், ப்ளோ டவுன் பண்ணா, அதாவது அழுக்குத் தண்ணியைத் திறந்து விட்டா, வெளியேறிடும். ஸ்கேல் கெட்டியா சுவத்துல ஒட்டிக்கும், வெப்பத்தைச் சரியா கடத்தாது, அதனால எரிபொருள் வீணாகும். எழுத முடியாம நின்ன இடத்துல ஒரு வட்டம் போடுங்க. அப்புறம் நோட்டைத் திறந்து, வட்டம் போட்ட இடத்தை மட்டும் படிங்க. மூணு நாள் கழிச்சு அதே தலைப்பை இங்கிலீஷ்ல எழுதுங்க. வாக்கியம் சின்னதா இருக்கட்டும், தப்பில்லை. கலைச்சொல் மட்டும் சரியா இருக்கணும். தமிழ்ல புரியாததை இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணா, நடுவுல ஒரு வார்த்தை விட்டுப்போனாலே மொத்தப் பதிலும் சரிஞ்சிடும்.

வகுப்புல நோட் எடுக்கும்போதும் இதேதான். ஆசிரியர் சொல்ற வாக்கியத்தை முழுசா எழுதப் பார்த்தா ரெண்டாவது வாக்கியம் காதுல விழாது. கலைச்சொல்லை இங்கிலீஷ்லயும் விளக்கத்தைத் தமிழ்லயும் எழுதுங்க. பக்கத்தோட இடது ஓரத்துல நாலு விரல் அகலம் விட்டுடுங்க. அந்தப் பக்கத்துல இருக்கிறது எந்தக் கேள்விக்குப் பதிலோ, அந்தக் கேள்வியை ராத்திரி அந்த இடத்துல எழுதணும். தமிழ்ல பாடம் வேணும்னா, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ-யோட இ-கும்ப் தளத்துல தமிழ்ப் பாடப் புத்தகங்கள் இலவசமா இருக்கு. ஆனா அதுல அத்தியாயம் உங்க யூனிட் வரிசையில இருக்காது. சிலபஸ் தாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தேடுங்க.

மேத்ஸ்ல இன்னொரு விஷயம். மேட்ரிக்ஸ்ல வர்ற ஐகன் வேல்யூ கணக்கைப் பலகையில பார்த்துப் புரிஞ்சுக்கிறது வேற, நீங்களே போடுறது வேற. பல தடவை மார்க் போறது ப்ளஸ், மைனஸ் தப்புல. தீர்வை மறைச்சு வச்சுப் போட்டா மட்டும்தான் அது வெளியில தெரியும்.

(திரை: கேள்வித்தாள், பக்கத்துல கடிகாரம்.)

2021 ரெகுலேஷன்ல பல்கலைக்கழகத் தேர்வு மூணு மணி நேரம், 100 மார்க். ரெண்டு மார்க் பத்து, 13 மார்க் அஞ்சு, 15 மார்க் ஒண்ணு. ரெண்டு மார்க்குக்கு மூணரை நிமிஷம், 13-க்கு 23 நிமிஷம், 15-க்கு 25 நிமிஷம்னு பிரிச்சா, கடைசியில அஞ்சு நிமிஷம் மிஞ்சும். தெரிஞ்ச முதல் 13 மார்க்குக்கு முக்கால் மணி நேரம் எழுதறது பெரிய தப்பு. அதுக்கு 13-க்கு மேல யாரும் போடப்போறதில்லை. கடைசிக் கேள்விக்கு நேரம் இருக்காது.

முதல் அசெஸ்மென்ட் பேப்பர் கைக்கு வந்ததும் மடிச்சு வைக்காதீங்க. போன மார்க் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல காரணம் எழுதுங்க: படிக்கலை, படிச்சும் எழுத வரலை, நேரம் பத்தலை. "எழுத வரலை"ன்னு அதிகமா இருந்தா, அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு அதே வாரம் பாட ஆசிரியர்கிட்ட போங்க. "புரியலை சார்"னு பொதுவா சொல்லாம, "இந்தப் பதில்ல இந்த இடம் வரைக்கும் வந்தேன், இதுக்கு மேல எப்படி எழுதணும்?"னு கேளுங்க. இப்படிக் கேட்டா அஞ்சு நிமிஷத்துல பதில் கிடைக்கும்.