பட்டியலில் அடிபட்ட பெயர்

நேயர்களுக்கு வணக்கமுங்க. கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துப் பள்ளிகளில் 30 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பேசக் கூப்பிட்டவர்கள் கபடியைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஐஸ் ஹாக்கி. வாய்க்கால் கரையில் வளர்ந்த எனக்கு ஐஸ் என்றால் மணியடித்துக்கொண்டு வரும் சேமியா ஐஸ்தான். ஆனாலும் அந்த ஆட்டத்தில் ஹெர்ப் புரூக்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் கதையைக் கேட்டதிலிருந்து மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஆட்டம். உறைந்த தரையில், காலில் கத்தி வைத்த பூட்ஸோடு பக்கத்துக்கு ஆறு பேர். பந்து கிடையாது, கெட்டி ரப்பர் வில்லை. இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. ஆட்டத்தை நிறுத்தாமலேயே ஆள் மாற்றலாம். ஒருவர் முக்கால் நிமிடம் போல முழு மூச்சில் ஓடிவிட்டு வெளியே வந்து உட்காருவார். கபடியில் ரெய்டுக்கு 30 விநாடி என்கிறோமே, அந்த மாதிரி மூச்சுக் கணக்குதான்.

புரூக்ஸ் 1937-இல் அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் பிறந்தவர். 1960 குளிர்கால ஒலிம்பிக்குக்குப் புறப்படும் நேரத்தில் அமெரிக்க அணிப் பட்டியலில் கடைசியாக அடித்த பெயர் அவருடையது. மைதானத்தில் இருக்க வேண்டியவர் வீட்டில் அப்பாவோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அணி தங்கம் வாங்குகிறது. அப்பா திரும்பி, கோச் சரியான ஆளைத்தான் கழித்திருக்கிறார் என்றாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் அப்பாரு ஞாபகம். பள்ளியில் மண்டலக் கபடி அணிக்குப் பன்னிரண்டு பெயர் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். "சரி, எருமைக்குத் தட்டு அறுத்தாச்சா?" என்றார். அவ்வளவுதான் ஆறுதல்.

புரூக்ஸ் விடவில்லை. 1964, 1968 இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடினார். பதக்கம் இல்லை. அப்புறம் மின்னசோட்டா பல்கலைக்கழக அணிக்குக் கோச். 1974, 1976, 1979 என மூன்று முறை தேசியக் கல்லூரிப் பட்டம். அந்தக் கணக்கில்தான் 1980 ஒலிம்பிக் அணி அவர் கைக்கு வந்தது.

தேர்வுக்கு வந்தவர்கள் 68 பேர். அதில் 26 பேரை வைத்துக்கொண்டார். பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். மின்னசோட்டாக்காரருக்கும் பாஸ்டன்காரருக்கும் ஆகாது. நம் பக்கம் கீழூர், மேலூர் சண்டை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். புரூக்ஸ் என்ன செய்தார்? எல்லாரும் சேர்ந்து தன்னை வெறுக்கட்டும் என்று விட்டுவிட்டார். நார்வேயில் ஒரு ஆட்டம் 3-3 என்று முடிந்ததும், அதே தரையில் கோட்டுக்குக் கோடு ஓடவிட்டார். அரங்கத்துக்காரர்கள் விளக்கை அணைத்தார்கள். இருட்டிலும் ஓட்டம் நிற்கவில்லை. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. நான் இப்படிச் செய்திருந்தால் மறுநாள் பையனைப் பெற்றவர்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றிருப்பார்கள்.

ஆனால் ஓட்டம் வீண் போகவில்லை. எதிரே சோவியத் அணி. முந்தைய நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் இந்தப் பையன்களை 10-3 என்று அடித்துத் துவைத்திருந்தார்கள். 1980 பிப்ரவரி 22, ஒலிம்பிக் நடந்த அமெரிக்க ஊர் லேக் பிளாசிட். இரண்டு பகுதி முடிந்தபோது சோவியத் 3, அமெரிக்கா 2. கடைசி இருபது நிமிடத்தில் பையன்களுக்கு மூச்சு மிச்சம் இருந்தது. இரண்டு கோல், 4-3. மணி அடித்ததும் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்துகிறார்கள். புரூக்ஸ் யாரையும் கட்டிப்பிடிக்காமல் நேரே உடைமாற்றும் அறைப் பக்கம் நடந்துவிட்டார். அடுத்து ஃபின்லாந்தை 4-2 என்று முடித்துத் தங்கம்.

பின்னால் தொழில்முறை அணிகள் நான்குக்குப் பயிற்சி கொடுத்தார், கோப்பை கிடைக்கவில்லை. 2002 ஒலிம்பிக்கில் வெள்ளி. 2003-இல் கார் விபத்தில் போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது வேறுங்க. 1980-இல் ஒலிம்பிக்குக்கு 20 பேர்தான் போக முடியும். கடைசியாக ஒருவரை அனுப்பியாக வேண்டும். ரால்ஃப் காக்ஸ் என்ற பையனைக் கூப்பிட்டு, நீ இல்லை என்று சொன்னவர் இதே புரூக்ஸ். இருபது வருடத்துக்கு முன்னால் தான் நின்ற இடத்தில் இந்தப் பையன் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் சொன்னார்.

எனக்கும் அப்படி ஒரு வருடம் வந்தது. பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு பையன்கள். ராத்திரி முழுக்க யோசித்து ஒரு பெயரை அடித்தேன். அவனைக் கூப்பிட்டு நேரில் சொல்லத் தைரியம் இல்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய் வாலிபால் வலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் இப்போது மாட்டு வியாபாரி. புளியம்பட்டிச் சந்தையில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா மாஸ்டர்?" என்று டீ வாங்கிக் கொடுப்பான். மழை, தீவனம், மாட்டு விலை எல்லாம் பேசுவோம். அந்தப் பட்டியலை அவனும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.