குடித்த ராத்திரி எத்தனை சிகரெட்?

நேயர்களே, வணக்கம். மது குடித்தால் நுரையீரலில் புற்றுநோய் வருமா என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கு மது காரணம் என்பது உறுதி. நுரையீரல் அந்தப் பட்டியலில் இல்லை. புகைக்காதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் தெளிவான தொடர்பு தென்படவில்லை.

ஆனால் குடிப்பவர்களை மொத்தமாகப் பார்த்தால் நுரையீரல் புற்றுநோய் அதிகம்தான். ஒரு கையில் டம்ளர் வந்ததும் மறு கை தீப்பெட்டியைத் தேடுகிறதே, அதுதான் பெரிய காரணம். ‘நாளைக்கு எத்தனை சிகரெட்?’ என்று கேட்டால் ஐந்து என்பார்கள். பொய்யில்லை, அது வேலை நாள் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி பாட்டில் காலியாவதற்குள் ஒரு பாக்கெட் தீர்ந்திருக்கும், அதை யாரும் சொல்வதில்லை. ஆய்வாளர்கள் புகையின் பங்கைக் கழிக்கும்போது, சொல்லாமல் விட்ட அந்தச் சிகரெட்டுகள் மதுவின் கணக்கில் ஏறிவிடுகின்றன.

அதனால் குடித்த ராத்திரியைத் தனியாக எண்ணுங்கள். நினைவை நம்ப வேண்டாம். மறுநாள் காலையில் பாக்கெட்டைத் திறந்து மிச்சத்தை எண்ணுங்கள், நண்பரிடம் வாங்கிப் பிடித்ததையும் சேருங்கள். சரக்கையும் அளந்து பாருங்கள். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, சுமார் 60 கிராம் ஆல்கஹால். 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் 25 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 40 கிராம். தண்ணீர் ஊற்றினால் காரம்தான் குறையும், கிராம் குறையாது.

பின்லாந்தில் நடந்த ஒரு ஆய்வை அவசியம் சொல்ல வேண்டும். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தார்கள், நுரையீரலைக் காக்கும் என்ற நம்பிக்கையில். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது! அதிகம் புகைத்தவர்களிடமும், கூடுதலாகக் குடித்தவர்களிடமும்தான் அந்தக் கேடு பெரிதாகத் தெரிந்தது. கேரட் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம். புகைப்பவர்கள் தொடக்கூடாதது அந்த மாத்திரையைத்தான்.

சிகரெட்டை விட நினைப்பவர்கள் முதல் சில வாரங்கள் மதுவையும் தள்ளி வையுங்கள். விட்டவர்கள் பலர் திரும்பப் பற்றவைப்பது டம்ளர் முன்னால்தான். புகையிலையை விட உதவும் இலவச எண் 1800-11-2356.

நேரம் நெருங்குகிறது, இன்னும் இரண்டே செய்திகள். இரண்டு வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், மாறிப்போன குரல் என்றால் மார்பு எக்ஸ்ரே எடுங்கள். காசநோய் என்று மருந்து தொடங்கியும் இருமல் அடங்காவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர்கள் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வேண்டாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். வணக்கம்.