டோர்ச்சை அணைத்து வையுங்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் திடீரெனக் கரண்ட் போன ஓர் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கதவு எது, சுவர் எது என்று தெரியாது. தட்டுத்தடுமாறி முற்றத்துக்கு வருகிறோம். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் வேலி தெரிகிறது, கிணற்றுக்கட்டு தெரிகிறது, தென்னோலை ஆடுவதும் தெரிகிறது. இருட்டு அதே இருட்டுத்தான், கண் பழகிவிட்டது. முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை ஓடிவந்து போன் வெளிச்சத்தை முகத்தில் அடித்தால் சரி, பட்ட பாடெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்கே வருவேன்.

இரவில் நடமாடும் மிருகங்களைப் பற்றிப் பேசத்தான் என்னை வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பித்து வயல் வட்டைக்குள் பிடித்தது. திருக்கோவில் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. வேளாண்மை முற்றுகிற காலத்தில் பன்றிக் காவலுக்கு வாடிக் குடிசையில் படுப்போம். அப்பாவிடம் டோர்ச் இருந்தது, ஆனால் இலேசில் அடிக்கமாட்டார். “நீ வெளிச்சம் அடிச்சா அது உன்னைப் பார்க்கும், நீ அதைப் பார்க்கமாட்டாய்” என்பார். சும்மா இருந்து கேட்கச் சொல்வார். பன்றி வந்தால் சேறு மிதிபடும் சத்தம் வேறு, எருமை என்றால் வேறு. முள்ளம்பன்றி நடந்தால் முள்ளுகள் உரசிச் சலசலக்கும், உலர்ந்த ஓலையை யாரோ இழுத்துப் போகிற மாதிரி.

சில வருடங்களுக்கு முன் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போனேன். “அப்பாவுக்குப் பிடிச்ச இடம் ஒன்று இருக்கு” என்று மண்டாயில் இருக்கிற இரவுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். 1994இல் திறந்தது, 35 ஹெக்டேயர். இரவில் உலாவும் மிருகங்களுக்கென்றே உலகத்தில் முதலில் கட்டப்பட்ட பூங்கா அதுதான். அதற்கு முன்பெல்லாம் மிருகக்காட்சிச் சாலைகளில் ஓர் இருட்டறையை வைத்து, பகலில் விளக்கை அணைத்து, இரவில் விளக்கைப் போட்டு மிருகத்தையே ஏமாற்றுவார்கள். இங்கே மிருகத்தை அதன்பாட்டில் விட்டுவிட்டு மனிதனை இரவில் வரச்சொல்கிறார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருடம் முழுக்க ஏழு மணியளவில் இருட்டிவிடும், இது அவர்களுக்கு வசதி. வெளிச்சத்தை அமைத்தவர் நாடக மேடைக்கு விளக்கு அமைக்கிற ஓர் ஆங்கிலேயர். நிலா வெளிச்சம் போல மங்கலாக, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத வெளிச்சம்.

டிராம் வண்டியில் ஒரு சுற்றுப் போகலாம். ஆனால் எனக்குப் பிடித்தது நடைபாதைதான். ஒரு பாதைக்குப் பெயரே மீன்பிடிப் பூனைப் பாதை. நீரோடைக் கரையில் ஒரு மரக்கட்டை, அதன்மேல் பூனை. வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு இருக்கும், வால் கட்டை, சாம்பல் உடம்பில் கரும்புள்ளி வரிசை. மூக்கு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. முன்னங்கால் ஒன்று நனைந்திருந்தது, மயிர் ஒட்டிப்போய் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. விரல்களுக்கிடையே சற்றே தோல் உண்டு, நகமும் முழுதாக உள்ளே போகாது. நாங்கள் ஐந்தாறு பேர் மூச்சை அடக்கி நின்றோம். பூனை அசையவில்லை. தண்ணீரில் ஒரு வட்டம் வந்தது, காது மட்டும் கிறுகியது. இப்போது பாயும், இப்போது பாயும் என்று நான் பார்த்திருக்க, பின்னாலிருந்து ஒருவர் போனில் ஃபிளாஷ் அடித்தார்! அடிக்கக்கூடாது என்று வாசலிலேயே சொல்லித்தான் விடுகிறார்கள். இரண்டு கண்ணும் பச்சைக் காசு மாதிரி மின்னியது, மறுகா கட்டையில் ஒன்றுமில்லை. படம் பிடித்தவரின் போனிலும் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை மினுக்கம்.

திரும்பி வரும்போது மகள் சிரித்தாள். “அப்பா, இது நம்ம ஊர்ப் பூனைதானே?” உண்மைதான். இலங்கையின் நான்கு காட்டுப் பூனை இனங்களில் ஒன்று. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். கண்டல் காடு, குளக்கட்டு, வயல் வாய்க்கால் என்று தண்ணீர் உள்ள இடத்தில்தான் வாழும். நம்ம மட்டக்களப்பு வாவியின் பிள்ளையைப் பார்க்க விமானம் ஏறிப் போயிருக்கிறேன்! நம்மில் பலர் அதைச் சாலையில் வாகனம் அடித்துச் செத்துக் கிடக்கும்போதுதான் பார்க்கிறோம், புலிக்குட்டி என்று படமும் எடுத்துப் பகிர்கிறோம்.

கண் ஏன் மின்னுகிறது என்று கேட்பீர்கள். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம். உள்ளே போன வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி இன்னொரு தரம் விழித்திரையைத் தொடும். ஒரு துளி வெளிச்சத்தை இரண்டு தரம் பாவிக்கிற கண், நமக்கு அது இல்லை. நட்சத்திர வெளிச்சத்தில் வேலை செய்கிற அந்தக் கண்ணுக்குள் நாம் டோர்ச் அடித்தால் எப்படி இருக்கும்? கரண்ட் போன முற்றத்தில் உங்கள் முகத்தில் போன் வெளிச்சம் பட்டதை நினையுங்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால் டோர்ச் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பட்டி போடுங்கள். சிவப்பு அவற்றுக்கு அவ்வளவாக உறைக்காது, உங்கள் கண்ணின் பழக்கமும் கெடாது. சின்னச் செலவுதான்.

நம்முடைய தேசியப் பூங்காக்களுக்குள் இரவில் வாகனம் ஓட விடமாட்டார்கள். குமணவோ, லாகுகலையோ, கல்லோயாவோ, மாலை ஆறு மணியோடு சரி. சிலருக்கு இது குறை. எனக்கு இல்லை. சிங்கப்பூரில் அகழியும் வேலியும் மறைவாக உண்டு, இங்கே யானைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. எல்லைக் கிராமத்தில் இருக்கிற நேயர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். உங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம், யானை வாசலுக்கே வருகிறது, வாழையையும் முறித்துவிட்டுப் போகிறது. உங்களிடம் வந்து டோர்ச்சை அணையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

அப்புறம் தேவாங்கு. ஒல்லியாக இருப்பவரைத் தேவாங்கு என்று ஏசுகிறோமே, அதன் எடை கால் கிலோ அளவுதான், அதற்குள் அவ்வளவு பெரிய கண் இரண்டு. அதைப்பற்றித்தான் அதிகம் பேசுவதாக இருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். பூனை நேரத்தைத் தின்றுவிட்டது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுத்த பௌர்ணமிக்குக் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கத் தோணியில் போகிறவர்கள் என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதோடு வைத்துக்கொண்டு, பேசாமல்... தம்பி கை காட்டிவிட்டார். வணக்கம்.