கெர்னல் உங்கள் புரோகிராமை காப்பி செய்வதே இல்லை

வணக்கம் மக்களே. பின்னால் ஃபேன் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், நிறுத்தினால் என்னால் உட்கார முடியாது. போன வருடம் ஒரு இன்டர்வியூவில், புரோகிராமை ரன் செய்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் என்ன செய்யும் என்று கேட்டார்கள், நானும் டெக்ஸ்ட் செக்‌ஷன், டேட்டா செக்‌ஷன் என்று ஃபைலில் பெயர் வைத்துப் பிரித்திருக்கும் பகுதிகள் எல்லாவற்றையும் ரேமில் காப்பி செய்யும் என்று கடகடவென ஒப்பித்தேன். எதிரே இருந்தவர் சிரித்தார். வேலை கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், செக்‌ஷன் என்றதும் தப்பு, காப்பி என்றதும் தப்பு.

செக்‌ஷன் எல்லாம் துண்டுகளை இணைத்துப் புரோகிராம் ஆக்கும் லிங்கருக்கும், பிழை தேடும் டீபக்கருக்கும்தான். கெர்னல் ஃபைலின் தொடக்கத்தைப் படித்து, 7எஃப் பைட்டுக்குப் பின் இ, எல், எஃப் என்ற எழுத்துகள் இருந்தால் சரி, லினக்ஸ் புரோகிராம்களின் வடிவமான எல்ஃப் ஃபைல்தான் என்று, எதை மெமரியில் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் ஹெடர் அட்டவணைக்கு நேரே போய், 'லோடு' என்று குறித்த செக்மென்ட்டுகளை, அதாவது ஃபைலின் துண்டுகளை, எடுத்துக்கொள்ளும். நம்பாதவர்களுக்காக இதோ: 64 பிட் எல்ஃபில் 40-ஆவது ஆஃப்செட்டில் இருக்கும் எட்டு பைட்தான் செக்‌ஷன் அட்டவணை இருக்கும் இடத்தைச் சொல்வது. ஹெக்ஸ் எடிட்டரில் அதைப் பூஜ்ஜியமாக்கினேன். ஃபைலைப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவி கையை விரித்துவிட்டது, புரோகிராம் தன் பாட்டுக்கு ஓடுகிறது.

அப்புறம் காப்பி. இந்த முகவரியில் ஃபைலின் இந்தப் பகுதி இருக்கிறது என்று கணக்கு மட்டும் எழுதி வைப்பதுதான் கெர்னலின் வேலை, அதுதான் எம்மேப். சிபியு அங்கே கை வைக்கும்போது அந்தப் பக்கம் இன்னும் இல்லை என்று பேஜ் ஃபால்ட் வரும், அப்போதுதான் அந்த 4096 பைட் பக்கத்தைத் தேடிக் கொண்டுவரும்.

இப்போது ஸ்கிரீனைப் பாருங்கள். 100 எம்பிக்கு ஒரு குளோபல் அரே, மதிப்பு எதுவும் தரவில்லை. ஃபைல் சில கேபிதான். முதல் எலிமென்ட்டுக்கு மட்டும் 1 கொடுத்துக் கம்பைல் செய்தால் ஃபைலே 100 எம்பி ஆகிவிடுகிறது! ஏனென்றால் முன்பு அது பிஎஸ்எஸ்ஸில், அதாவது மதிப்பு தராததால் பூஜ்ஜியமாகத் தொடங்க வேண்டிய மாறிகளுக்கான பகுதியில் இருந்தது, ஃபைலில் இவ்வளவு, மெமரியில் அவ்வளவு என்று இரண்டு எண்கள் மட்டும் செக்மென்ட்டில் எழுதினால் போதும். பழையபடி மாற்றி ஓட விட்டால், விர்ச்சுவல் மெமரி 100 எம்பிக்கு மேல், உண்மையில் பிடித்த ரேம் ஒன்றிரண்டு எம்பி. இனி பக்கத்துக்கு ஒரு பைட் எழுதுகிறேன், மொத்தமே 25,600 பைட்தான், ரேம் 100 எம்பியைத் தாண்டிவிட்டது பாருங்கள்.

எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. டேட்டா பெரும்பாலும் ஒரு பக்கத்தின் நடுவில் முடியும், அங்கிருந்தே பிஎஸ்எஸ் தொடங்கும். ஆனால் மேப் செய்வது முழுப் பக்கமாகத்தானே, ஃபைலில் அடுத்து இருப்பதும் கூடவே வந்துவிடும். அதனால் அந்த மீதிப் பகுதியை மட்டும் கெர்னல் தானே பூஜ்ஜியத்தால் துடைக்கிறது. என் ஃபைலில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஹெக்ஸில் பார்த்தேன்: ஜிசிசி என்ற கம்பைலரின் பெயரும் வெர்ஷன் நம்பரும். துடைக்காமல் விட்டிருந்தால் என் குளோபல் மாறிக்குள் அதுதான் உட்கார்ந்திருக்கும்.