வள்ளல்களில் ஒருவர்

(தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடம் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஊரில் நின்றுகொண்டு அதியமானை விட்டுவிட்டுப் பேச முடியுமா? அதியமான் யார்? "கடையெழு வள்ளல்களில் ஒருவர்!" சரி. யாருமே "வள்ளலில் ஒருவர்" என்று சொல்லவில்லை. இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் மட்டும் "ஒன் ஆஃப் தி பேட்ரன்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். பேட்ரன்ஸில் இருக்க வேண்டிய எஸ் காணாமல் போயிருக்கும்.

நானும் அப்படி எழுதியவன்தான். வாத்தியார் வேலையில் சேர்ந்த புதிதில், நன்னடத்தைச் சான்றிதழ்களில் "ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடன்ட்" என்று வரிசையாக எழுதித் தள்ளினேன். ஒரு பையன் வாங்கிப் படித்துவிட்டு நகராமல் நின்றான். "சார், ஸ்டூடன்ட்டா, ஸ்டூடன்ட்ஸா?" பேனாவைத் திறந்து எஸ் போட்டேன். இடம் போதாமல் அது அடுத்த சொல்லின் தலையில் போய் இடித்தது.

ஏன் இப்படி வழுக்குகிறோம்? கிருஷ்ணகிரி மண்டியில் போய் "பத்து மாங்காய்கள் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள். பத்து மாங்காய்தான். "மாடு வந்தது" என்றாலும் சரி, "மாடு வந்தன" என்றாலும் சரி. ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவில் நிற்கும் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அதுதான். "இந்த மாங்காயில் ஒன்று அழுகல்" என்று பேசிப் பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் அதே சலுகையைக் கேட்கிறது. அங்கே கிடைக்காது. எண்ணக்கூடிய பொருள் என்றால் மேங்கோஸ், ஸ்டூடன்ட்ஸ்தான்.

அப்புறம் வினைச்சொல். "ஒன் ஆஃப் தி கேர்ள்ஸ்" என்று எழுதியதும், பக்கத்தில் கேர்ள்ஸ் இருக்கிறதே என்று 'ஹேவ்' போடுகிறோம். "மாணவிகளில் ஒருத்தி பாடினார்கள்" என்று நாம் சொல்வோமா? பாடினவள் ஒருத்தி, ஆகவே 'ஹேஸ்'.

'ஹூ' வந்தால் மட்டும் கதை மாறும். "ஷீ இஸ் ஒன் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹூ சிங்." இங்கே 'சிங்ஸ்' இல்லை. தமிழில் சொல்லிப் பாருங்கள்: "பாடுகிறவர்களில் ஒருத்தி." பாடுகிறவர்கள் பலர், இவள் அதில் ஒருத்தி. ஒருமையில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தேர்வுத்தாளில் பன்மையே போடுங்கள்.