தூக்குமேடையின் முதல் படி ரிமாண்டு

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, மரண தண்டனை எதிர்ப்பு நாளான இந்த அக்டோபர் 10-ல் அரங்கம் தந்து உதவிய வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த வழக்கறிஞர் பெருமக்களே, சட்டக் கல்லூரி மாணவச் செல்வங்களே, தாய்மார்களே, வணக்கம்.

சாட்சியம், தண்டனை விசாரணை (குற்றம் உறுதியான பிறகு என்ன தண்டனை என்று முடிவு செய்யும் விசாரணை) என்று இரண்டையும் பேசச் சொன்னார்கள். சாட்சியத்திலிருந்து தொடங்குகிறேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

மகாராஷ்டிரத்தின் நாசிக் வழக்கைக் கேளுங்கள். 2003 ஜூன் 5 இரவு, தோட்டக் குடிசை ஒன்றில் கொள்ளை. ஐந்து உயிர்கள் போயின. வெட்டுக்காயத்தோடு பிழைத்த தாய், இரண்டே நாளில் போலீஸ் காட்டிய ஆல்பத்தில் நான்கு பேரை அடையாளம் காட்டினார். அந்த நால்வர் மீது வழக்கே இல்லை. கூண்டில் நின்றவர்கள் வேறு ஆறு பேர், நாடோடிப் பழங்குடியினர். 2006-ல் ஆறு பேருக்கும் தூக்கு. உயர் நீதிமன்றம் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதே உச்ச நீதிமன்றம்தான் 2019 மார்ச் 5-ல் ஆறு பேரையும் விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. 16 வருடம், தோழர்களே! தூக்கில் போட்டிருந்தால் அந்த 5 லட்சத்தை யார் கையில் கொடுப்பது?

தீர விசாரிப்பது ரிமாண்டில், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடும் கட்டத்தில், தொடங்க வேண்டும். கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிறார்களே, அங்கே பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தால் கேட்பார்: முகத்தை மூடிக் கூட்டிவந்தீர்களா? சாட்சிக்கு முன்பே போட்டோ காட்டினீர்களா? பலரை வரிசையில் நிறுத்தி சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு என்றைக்கு? கேட்க ஆளில்லாவிட்டால் அணிவகுப்பு வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதற்குள் ஸ்டேஷன் வாசலிலேயே சாட்சி அந்த முகத்தைப் பார்த்துவிடுவார். பிறகு வரிசையில் கைநீட்டும்போது அவர் நினைவில் வருவது ஸ்டேஷனில் பார்த்த முகம்.

தண்டனை விசாரணை பற்றி ஒரே வார்த்தை: குற்றவாளியின் மனநல அறிக்கை, சிறை நடத்தை அறிக்கை இரண்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று 2022-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாணவர்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள்.

மறுபடி ரிமாண்டுக்கு வருகிறேன். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சொல்வது 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12. ஞாயிற்றுக்கிழமை ரிமாண்டுக்கும் வக்கீல் வர வேண்டும். அவர் பெயர் ரிமாண்டு உத்தரவிலேயே பதிவாக வேண்டும். இந்தக் கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.